முழுக்கைச் சட்டை

ஒன்றரை வருடம் என் மகளை முட்டை, கத்தரிக்காய், கருவாடு, வேர்க்கடலை எதையும் தின்னவிடாத மகா வைத்தியன் நான். பிள்ளை சங்கராபுரத்தில்; பத்தியம் மெல்போர்னிலிருந்து. நான் கற்ற வைத்திய நூல் பிஸ்கெட் பாக்கெட்டின் முதுகு. இந்த ஊரில் எதை வாங்கினாலும், அதில் எது ஒத்துக்கொள்ளாது என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அலுவலகத்தில் பிறந்தநாள் கேக் வெட்டுகிறவர்கூட "எனி அலர்ஜி?" என்று கேட்டுவிட்டுத்தான் தட்டை நீட்டுவார். "யெஸ், மை டாட்டர்" என்றேன் ஒருநாள். நீட்டிய தட்டு திரும்பிப் போய்விட்டது.

நஸ்ரினுக்கு ஏழு வயதில் காணாக்கடி தொடங்கியது. காலையில் கையில் தடிப்பு, மத்தியானம் தொடையில், சாயங்காலம் ஒன்றுமில்லை, மறுநாள் மறுபடி. அரிப்பு தாங்காமல் சுவரில் முதுகைத் தேய்ப்பாள். கள்ளக்குறிச்சி டாக்டர் தினமும் கொடுக்கச் சொன்ன ஆன்டிஹிஸ்டமின் மாத்திரையை, தடிப்பு தெரிகிற நாளில் மட்டும் கொடுத்தால் போதும் என்று என் மனைவிக்கு உத்தரவிட்டேன். தினம் கொடுத்தால் பழகிவிடும் என்பது என் ஆராய்ச்சி. வீடியோவில் ஒரு தடிப்பைக் கண்டால் ஒரு பண்டத்தை நிறுத்துவேன். கடைசியில் கல்வராயன் மலைச் சாமைக் கஞ்சியும் ரசமும்தான் மிஞ்சின. மாமன் கல்யாணத்தில் ஊரே பிரியாணி தின்ன, இவள் டிபன் பாக்ஸைத் திறந்தாளாம்.

அப்புறம் மூன்று மாதம் வீடியோவில் ஒரு தடிப்பும் இல்லை. பத்தியம் வென்றது என்று நண்பர்களிடம் பீற்றிக்கொண்டேன்.

லீவில் நான் ஊருக்குப் போன முதல் நாள், குளித்துவிட்டு வந்தவளின் கையெல்லாம் தடிப்பு.

"இன்னாம்மா இது? ஃபோன்ல ஒண்ணுமே தெரியலியே?"

"ஃபுல் கை போட்டுக்கினு பேசுவேன் அத்தா. பாத்தா இன்னொண்ண நிறுத்திடுவீங்கல்ல."

குறையாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டதற்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

மறுநாளே கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் திட்டவில்லை. "நாள்பட்ட தடிப்புக்குச் சாப்பாடு காரணமா இருக்கறது ரொம்ப கம்மிங்க. நல்லா சாப்புடட்டும். மாத்திரைய தடிப்பு இல்லாத நாளும் குடுங்க, நான் சொல்றப்ப நிறுத்தலாம். வந்தப்புறம் தொரத்தறதுக்கு இல்ல, வராம இருக்கறதுக்கு."

அன்று மதியம் முட்டை தின்றாள். ஒவ்வொரு வாய்க்கும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

நான் மெல்போர்ன் திரும்பிவிட்டேன். இப்போது தடிப்பு அநேகமாக இல்லை. ஆனாலும் நான் கூப்பிட்டால், திரையில் முதலில் வருவது அவள் முகமல்ல, அவசரமாகச் சட்டைக்குள் நுழையும் ஒரு கை. அங்கே கொளுத்தும் வெயிலில் அவளும், இங்கே குளிரில் ஸ்வெட்டரோடு நானும், மணிக்கட்டு வரை மூடிக்கொண்டு பேசுகிறோம்.

மனைவியிடம் கேட்டேன். "கைதான் சுத்தமா கீதே, இன்னும் எதுக்கு அந்தச் சட்டை?"

"தெனம் குடுத்தா பழகிடும்னீங்களே. மாத்திரை பழகலீங்க. சட்டைதான் பழகிடிச்சி."