அழக்கூடாத வீட்டில் ஒரு கொரியப் பாட்டு

செல்லியம்மாவுக்குப் பாட்டு கேட்கிற பழக்கமே கிடையாது. கோயில் மைக்கில் பாட்டு போட்டாலே தலை நோவுது என்று கதவைச் சாத்துகிறவள். அவள் போய்க் கொரியப் பாட்டு கேட்கக் கற்றுக்கொண்டாள் என்றால் யார் நம்புவார்கள்? பிள்ளையைப் பறிகொடுத்தவள் எதையும் கற்றுக்கொள்வாள்.

பறிகொடுத்தவள் என்று அவள் காதுபட யாரும் சொல்லக்கூடாது. மகன் கிஷோர் புத்தூரில் வெல்டிங் படித்தவன். ஏஜென்ட் மூலமாகக் கொரியாவுக்குக் கப்பல் கட்டுகிற வேலைக்குப் போனான். ஐந்து மாதம் போனில் பேசினான். அங்கிருந்து ஏதோ மீன்பிடிப் படகுக்கு மாறிவிட்டதாகச் சேதி வந்தது. அதற்கப்புறம் கிணற்றில் போட்ட கல்தான். சித்தூர் கலெக்டர் ஆபீசுக்குப் பிச்சாட்டூரிலிருந்து பஸ் ஏறிப்போய், தெலுங்கில் எழுதி வாங்கிய அர்ஜியை மூன்று தடவை கொடுத்தாள். மூன்று வருஷம் ஓடியதுதான் மிச்சம்.

மருமகள் பத்மினி மட்டும் தினமும் மஞ்சள் பூசிக் குளித்து, குங்குமம் வைத்து, தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒருநாள் மாமியார் மூக்கைச் சிந்தியதற்குப் பாய்ந்துவிட்டாள்.

"இன்னாத்துக்கு அழுவுறே அத்தை? உசுரோட கீறவனுக்கு யாராச்சும் அழுவாங்களா? இந்த ஊட்ல ஒரு சொட்டு கண்ணீர் உழக்கூடாது, சொல்ட்டேன்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் வெங்காயம் நறுக்கக்கூடப் பயம்தான்.

சத்தியவேட்டுப் பக்கம் கம்பெனிகள் வந்தபோது, கொரியாக்காரர்கள் தங்குகிற கெஸ்ட் ஹவுஸில் பெருக்கித் துடைக்கிற வேலைக்குச் செல்லியம்மா சேர்ந்தாள். கிஷோரைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொல்லமாட்டார்களா என்ற நப்பாசை. ஒருவரும் சொல்லவில்லை. அவர்களுக்கு அவன் யார்?

பார்க் என்ற வயதான எஞ்சினியரின் அறையில் காலை நேரத்தில் ஒரு பாட்டு ஓடும். முதல் தடவை கேட்டபோது செல்லியம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டு நின்றாள். யாரோ ஒருத்தி தொண்டை கிழிய அழுகிறாள். துணைக்கு ஒரே ஒரு மேளம். நடுநடுவே மேளக்காரன் வேறு கத்துகிறான்.

"யாரு பூட்டாங்களாம்?" என்று டிரைவர் சிட்டிபாபுவிடம் கேட்டாள். அவன் தன் ஓட்டை இங்கிலீஷை வைத்துக்கொண்டு பார்க்கிடம் விசாரித்து வந்தான்.

"யாரும் சாவல அக்கா. பன்சோரின்னு இவங்க பழைய பாட்டாம். ஒருத்தர் நின்னுகினு கதையப் பாடுவாங்களாம், ஒருத்தர் மேளம் தட்டுவாராம். புச்சா கேக்கறவங்க மொதல்ல மேளத்த மட்டும் கேக்கணும்ன்றாரு. பாடறவங்களுக்கு மூச்சு நிக்கிற எடத்துல, கேக்கறவங்க பலே போடணுமாம். போடலன்னா மேற்கொண்டு பாட முடியாதாம்."

கேட்கிற ஒருத்தி கிடைத்த சந்தோஷத்தில் பார்க் அந்தப் பாட்டை அவள் போனில் ஏற்றிக் கொடுத்தார்.

கம்பெனி பஸ்ஸில் காதில் வயரை மாட்டிக்கொண்டு கேட்டாள். ஒரு வாரம் மேளம் மட்டும். அப்புறம் குரல். முதலில் காதை அறுத்த அந்தக் கரகரப்பு, போகப்போகத் தன் தொண்டையிலிருந்தே வருவதாகப் பட்டது. ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அதுதான் அவளுக்குச் சௌகரியம். புரியாத பாஷைக்குக் கண்ணீர் விட்டால் கிஷோருக்கு விட்டதாக ஆகாது அல்லவா? மூச்சு நிற்கிற இடமும் பழகிவிட்டது. அங்கே "ஆமாம்மா, சொல்லு" என்று முணுமுணுப்பாள். பக்கத்து சீட்டுக்காரி தள்ளி உட்காருவாள்.

அந்தப் பாழாய்ப்போன வயர் அறுந்ததுதான் வினை. ஒரு லீவு நாள், பத்மினி ரேஷனுக்குப் போயிருந்த நேரம். வீட்டில் யாரும் இல்லையே என்று போனைச் சத்தமாகவே வைத்துவிட்டாள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். ஒரு வீட்டில் அழுகுரல் கேட்டால் என்ன ஏது என்று விசாரிக்க மாட்டார்கள். கைவேலையைப் போட்டுவிட்டு, முடியை அவிழ்த்துக்கொண்டு, மாரில் அடித்துக்கொண்டே ஓடுவார்கள். விசாரணையெல்லாம் அழுது முடித்த பிறகுதான். எதிர்வீட்டுப் பொன்னியம்மாள்தான் முதலில் வந்தாள். "ஐயோ கிஷோரு! கடல் தாண்டிப் போனவனே, இப்பிடிப் பண்ட்டியே!" அவள் பின்னால் ஏழெட்டுப் பேர். செல்லியம்மாவைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள்.

செல்லியம்மா பதறிப்போய்ப் பாட்டை நிறுத்தினாள். "பாட்டுடீ! கொரியாக்காரன் பாட்டு! ஒரு சேதியும் வர்ல!" யார் காதில் விழுகிறது? ஊரும் மூன்று வருஷமாக அந்த அழுகையை அடக்கித்தான் வைத்திருந்தது.

அழுகை ஓய்ந்த பிறகுதான் பொன்னியம்மாளுக்கு விஷயம் புரிந்தது. ஒவ்வொருத்தியாக வெட்கத்தோடு மூக்கைத் துடைத்து முடியை முடிந்தார்கள். வாசலில் அரிசிப் பையோடு பத்மினி நின்றிருந்தாள். புருஷன் பெயரைச் சொல்லி ஊர் அழுததைத் தெருமுனையிலேயே கேட்டிருந்தாள்.

"அது பாட்டும்மா. சத்தியமா வெறும் பாட்டு," என்று செல்லியம்மா கெஞ்சினாள்.

பத்மினிக்கும் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? பை கையிலிருந்து நழுவ, கதவைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள்.

"எல்லாரும் அழுதுட்டாங்களே அத்தை. இனிமே நான் ஒருத்தி மட்டும் எத்த புட்ச்சிகினு இருக்கறது?"

முடியை அவிழ்த்தாள். மூன்று வருஷம் பூட்டி வைத்த குரல் கரகரவென்று கிழிந்து வந்தது. அவன் நடை, கையில் இருந்த வெல்டிங் தழும்பு, கிளம்புகிற அவசரத்தில் தின்னாமல் வைத்துவிட்டுப் போன சோறு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதாள். நடுவில் மூச்சு அடைத்துக்கொண்டது. வாய் திறந்தபடி இருக்கிறது, சத்தம் வரவில்லை.

பெண்கள் பயந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்லியம்மாவுக்கு மட்டும் அந்த இடம் தெரியும். அங்கே என்ன சொல்ல வேண்டும் என்பதும் தெரியும். சொன்னால், பிள்ளை போய்விட்டான் என்று பெற்றவளே ஒத்துக்கொண்டதாகிவிடும். சொல்லாவிட்டால் இந்தப் பெண்ணுக்கு மூச்சு திரும்பாது.

மருமகளின் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆமாம்மா," என்றாள். "சொல்லு."