இருபத்தைந்து நிமிஷத்தில் நின்ற ஜெனரேட்டர்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் எழுபதுகளில் மந்தைவெளியிலிருந்து அடையாறு பாலம் வரைக்கும் எந்த இன்ஜின் படுத்துக்கொண்டாலும் என்னைத்தான் தேடி வருவார்கள். பெரிய படிப்புப் படித்தவர்கள் கிண்டியிலிருந்து காரில் வந்து, என் பட்டறை வாசலில் நின்று, கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டுச் சொல்லுங்கள் என்பார்கள். ஓடவிட்டுக் கேட்பேன். வால்வு என்றால் வால்வு, பேரிங் என்றால் பேரிங். பிரித்துப் பார்த்தால் நான் சொன்னதுதான் இருக்கும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்றால் பொய்யாகிவிடும். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அந்தக் காது ஒரு தடவை என்னை ஏமாற்றியது. சாந்தோம் சாரின் வேன் விஷயத்தில்.

சாரும் அவர் வீட்டம்மாவும் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். சாந்தோம் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் தெருவில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் கிறிஸ்தவக் குடும்பம். பிள்ளைகள் இல்லை. டீச்சரம்மாவுக்குத் தொண்டையில் கட்டி வந்து ஆபரேஷன் செய்ததில் குரல் போய்விட்டது. கழுத்துக்குக் கீழே ஒரு துளை, அதில் ஒரு வெள்ளிக் குழாய். மூச்சு அந்த வழியாகத்தான். சளி சேர்ந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். அதை உறிஞ்சி எடுக்க, கரண்டில் ஓடும் ஒரு சின்ன மெஷின் வைத்திருந்தார்கள். கரண்ட் போனால் காலால் மிதிக்கும் பம்பு. அந்தக் காலத்தில் கரண்ட் எத்தனை தடவை போகும் என்று அப்போது இருந்தவர்களுக்குத் தெரியும். மிதித்து மிதித்து சாரின் வலது முழங்கால் தேங்காய் மாதிரி வீங்கியிருந்தது.

டீச்சரம்மாவுக்கு ஒரே அக்கா. நாகப்பட்டினத்தில் கன்னியர் மடத்தில் சிஸ்டராக இருந்தவர். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையாகிவிட்டார். இவரால் போக முடியாது, அவரால் வர முடியாது. ஆபரேஷனுக்குப் பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை.

சார் என்ன செய்தார் தெரியுமா? பிஸ்கட் ஏற்றி ஓய்ந்துபோன ஒரு பழைய வேனை வாங்கி என் பட்டறைக்குக் கொண்டு வந்தார். பள்ளிக்கூட நோட்டில் படம் போட்டு வைத்திருந்தார். இங்கே கட்டில், இங்கே தண்ணீர்த் தொட்டி, இங்கே ஸ்டவ், கால்மாட்டுப் பெட்டியில் சளி எடுக்கும் மெஷினுக்குக் கரண்ட் கொடுக்க ஜெனரேட்டர். வெளிநாட்டுக்காரர்கள் இந்த மாதிரி வண்டியில் வீடு கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுவதை ஏதோ பத்திரிகையில் பார்த்தாராம். இன்ஜினை நான் எடுத்துக்கொண்டேன். தகர வேலை செய்யும் பக்கத்துக் கொட்டகை டிங்கர் வண்டியின் உடம்பை எடுத்துக்கொண்டான். சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்றை நானே தேடிப் பிடித்து, பிரித்துக் கோத்துப் பொருத்தினேன். முக்கால் மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். தையல் மெஷின் மாதிரி ஓடியது.

டீச்சரம்மாவின் டாக்டர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அந்த ஜெனரேட்டர் மூன்று மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும். அதைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் சம்மதம். வழியில் மெஷின் நின்று, குழாய் அடைத்துக்கொண்டால், திண்டிவனத்துக்கும் கடலூருக்கும் நடுவில் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டாராம். நியாயமான கேள்விதான். அந்த முழங்காலோடு சாரால் வழி நெடுகப் பம்பு மிதிக்க முடியாது.

மழைக்கு முன்னால் போய்விட வேண்டும். ஐப்பசி மழை பிடித்தால் ரோடு போய்விடும். அது விட்டால் பனி, டீச்சரம்மாவின் நெஞ்சுக்கு ஆகாது. தை பிறந்த பிறகு போகலாம் என்றால், அதுவரை அக்கா இருப்பாரா என்பதற்கு யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை.

ஆயுத பூஜை கழிந்த மறுநாள் பெட்ரோலை ரொப்பி ஜெனரேட்டரை ஓடவிட்டேன். சார் கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இருபத்தைந்தாவது நிமிஷம் அது இரண்டு தடவை இழுத்தது. நின்றுவிட்டது.

பெட்ரோல் இல்லையோ என்று டாங்கி மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தேன். முக்கால் டாங்கி இருந்தது. மூடியைப் போட்டுக் கயிற்றை இழுத்தேன். உடனே பிடித்துக்கொண்டது. சிரித்தேன். மறுபடி இருபத்தைந்து நிமிஷம். மறுபடி நின்றது.

பிளக்கைக் கழற்றித் தேய்த்தேன். கண்டென்சரை மாற்றினேன். காயிலை மாற்றினேன். கார்புரேட்டரைப் பிரித்து ஜெட்டை ஊதினேன். பெட்ரோலை வடிகட்டினேன். ஒவ்வொரு தடவையும் ஜோராகக் கிளம்பும், இருபத்தைந்து, முப்பது நிமிஷத்தில் தொண்டையை இழுத்துக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு தடவையும் நான் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்ப்பேன். பிறகு கிளம்பும்.

இரண்டாம் நாள் சாயங்காலம் கண்டுபிடித்துவிட்டேன். சூடு. பெட்டிக்குள் அடைத்து வைத்தால் சூடாகாதா? சூடாகி நிற்கிறது, கொஞ்சம் ஆறினதும் ஓடுகிறது. சாரிடம் இதைப் பத்து நிமிஷம் விளக்கினேன். அவர் மாணவன் மாதிரி தலையாட்டிக் கேட்டார். டிங்கரைக் கூப்பிட்டு, புதுப் பெயிண்ட் காயாத அந்த வேனின் பக்கவாட்டில் காற்று போக வரிவரியாக வெட்டச் சொன்னேன். அவன் உளியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான்.

"இன்னா நைனா, நெஜமாத்தான் சொல்றியா? நேத்துதான் பெயிண்ட் அடிச்சேன்."

"வெட்டு. அதுக்கு காத்து பத்தல."

வெட்டினான். மறுநாள் காலை ஓட்டினோம். இருபத்தாறு நிமிஷம். டிங்கர் அந்த வரிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே சொன்னான்:

"ஒரு நிமிஷம் ஜாஸ்தி ஓடிச்சு நைனா. இன்னும் ஒரு நூறு ஓட்டை போட்டா நாகப்பட்டினம் போய்க்கினே இருக்கலாம்."

அவன் மேல் ஸ்பேனரை எறிந்தேன். படவில்லை, படவேண்டும் என்று எறியவும் இல்லை. கோபம் டிங்கர் மேல் இல்லை. சார் ஒரு வார்த்தை கேட்கவில்லையே, அதுதான். நான்கு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, "நாளைக்குப் பார்ப்போம் மேஸ்திரி" என்று சொல்லிவிட்டு, அந்த முழங்காலோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.

நான்காம் நாள் வேனைச் சாந்தோமுக்கே ஓட்டிப் போனேன். கடற்காற்றில் சூடு அடங்கும் என்பது என் கணக்கு. வாசலில் பூவரச மரத்து நிழலில் நிறுத்தி ஓடவிட்டேன். டீச்சரம்மா நாற்காலியைப் போட்டு வேனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். மெலிந்த உடம்பு. கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. மடியில் ஒரு சிலேட்டு. அதில்தான் பேசுவார்.

நின்றது. மூடியைத் திறந்தேன். குச்சி விட்டேன். மூடினேன். கயிற்றை இழுத்தேன். ஓடியது. மறுபடி நின்றது. மறுபடி மூடியைத் திறந்தேன். அப்போது சிலேட்டில் பலப்பம் கீச்சென்றது. எழுதி சாரிடம் நீட்டினார். சார் வாசித்தார்:

"மூடியைத் திறக்கும்போது உஸ் என்று ஒரு சத்தம் வருகிறது. இரண்டு தடவையும் வந்தது. அது காற்று வெளியே வரும் சத்தம் இல்லை. உள்ளே போகும் சத்தம்."

எனக்குச் சுருக்கென்றது. இன்ஜின் சத்தத்தைப் பற்றி எனக்கு ஒருவர் சொல்வதா? "பெட்ரோல் வாசனை வர்றாப்ல சத்தமும் வரும் டீச்சரம்மா, அது ஒண்ணும் இல்ல" என்றேன். அவர் என் பதிலுக்கு நிற்கவில்லை. துடைத்துவிட்டு வேறு எழுதினார். சார் அதையும் வாசித்தார்.

"அந்த டாங்கி எதன் வழியாக மூச்சு விடும்?"

நல்ல கேள்வி என்றுகூட அப்போது தோன்றவில்லை. மூடியில் ஒரு துளை இருக்கும், ஊசி முனை அளவு. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று அதன் வழியாகத்தான் போகும். காற்று போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது. சைக்கிள் கடையில் மண்ணெண்ணெய் டின்னுக்கு இரண்டு ஓட்டை போடுகிற பயலுக்குக்கூடத் தெரியும். அவருக்குக் காட்டி வாயை அடைப்போம் என்று மூடியை நாற்காலி அருகே கொண்டு போனேன். "இதோ பாருங்க, இங்க கீது" என்று விரலை வைத்தேன்.

விரலுக்கு அடியில் சந்தனம். அதன் நடுவில் குங்குமம். காய்ந்து கல் மாதிரி ஒட்டியிருந்தது. நான்கு நாளாகக் கண்ணில் பட்ட பொட்டுதான், அது துளையை மூடியிருப்பது மட்டும் தோன்றவே இல்லை.

ஆயுத பூஜை அன்று பட்டறையில் இருந்த அத்தனைக்கும் பொட்டு வைத்தது நான்தான். லேத்து, டிரில்லிங் மெஷின், சுத்தியல், அரம், எல்லாவற்றுக்கும். வேனுக்கும் வைத்தேன். சார் கிறிஸ்தவராயிற்றே என்று அவரிடமே கேட்டதற்கு, வண்டி உங்கள் கூரைக்குக் கீழே இருக்கும் வரை உங்கள் வழக்கப்படி செய்யுங்கள் என்று சொல்லியிருந்தார். ஜெனரேட்டருக்கு மட்டும் கொஞ்சம் அதிகமாகவே குழைத்து, நெற்றி மாதிரி மேலே துருத்திக்கொண்டிருந்த மூடியில், நன்றாக அழுத்தி வைத்தேன். டீச்சரம்மா நல்லபடியாகப் போய்வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வைத்தேன். அதுதான் அதன் மூச்சை அடைத்தது. நான் ஒவ்வொரு தடவை திறந்தபோதும் அது ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு, இருபத்தைந்து நிமிஷம் பிழைத்திருக்கிறது.

வாயில் முதலில் வந்தது பொய்தான். "தூசி அடைச்சுக்கினு கீது" என்றேன்.

டீச்சரம்மா புடவைத் தலைப்பிலிருந்து ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். குத்தி எடுத்தேன். ஊக்கின் முனை சிவப்பாக வந்தது. அதை வாங்கி வெயிலில் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருடைய தோள் இரண்டும் குலுங்க ஆரம்பித்தது. மூச்சு முட்டுகிறதோ என்று சார் பதறி எழுந்தார். இல்லை. சத்தம் இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வரும் வரை.

அதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது. "நான் வச்ச பொட்டு சார். வேன்ல ஓட்டை போட்டதும் தண்டம். எல்லாம் என் தப்பு" என்றேன். இருபது வருஷத் தொழிலில் ஒரு கஸ்டமரிடம் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

சார் மூடியை வாங்கிப் பார்த்தார். "நீங்க வேண்டிக்கிட்டது கொஞ்சம் பலமா வேண்டிக்கிட்டீங்க மேஸ்திரி" என்றார். அவ்வளவுதான். உள்ளே போய் எனக்குக் காப்பி கொண்டு வந்தார்.

அன்று மாலை டாக்டர் வந்தார். மூன்று மணி நேரம் என்று சொன்னவர், இரண்டேகால் மணி நேரத்தில் தலைவலிக்கிறது, நிறுத்துங்கள் என்றார். நான் நிறுத்தவில்லை. மூன்று என்றால் மூன்று. முழுசாக ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் சுவிட்சில் கையை வைத்தேன்.

வேறு எவனையாவது நம்பி அந்த வேனை அனுப்புவேனா? நானே ஓட்டினேன். விடியற்காலை கிளம்பி, செங்கல்பட்டு, திண்டிவனம், கடலூர், சிதம்பரம். வழி நெடுக ஜெனரேட்டர் பாடிக்கொண்டே வந்தது. சார் ஏழு தடவை மெஷினைப் போட்டார். ஏழு தடவையும் டீச்சரம்மாவின் மூச்சு சுத்தமாக வந்தது. மேகம் கூடவே வந்ததே தவிர மழை இறங்கவில்லை. சாயங்கால வெயில் இருக்கும்போதே மடத்துக்குள் நுழைந்தோம்.

அக்காவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வேனின் பின்கதவைத் திறந்து, அதன் பக்கத்தில் நிறுத்தினார்கள். டீச்சரம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அழுவார்கள் என்று நினைத்துத் திரும்பி நின்றேன். அழவில்லை. பலப்பச் சத்தம்தான் கேட்டது.

சார் மடத்துத் தலைமை சிஸ்டரோடு அறை பார்க்கப் போயிருந்தார். அக்கா சிலேட்டை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார். தூரத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணில் புரை. பிறகு அதை என் பக்கம் நீட்டினார்.

"தம்பி, என்ன எழுதியிருக்கான்னு படிங்க."

இத்தனை நாளும் சார்தான் வாசித்துச் சொன்னார். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். பில் எழுதுவதற்கே டிங்கர் மகளைக் கூப்பிடுகிறவன். டீச்சரம்மாவைப் பார்த்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு, வகுப்பில் காத்திருப்பது போலக் காத்திருந்தார்.

படித்தேன். ஒவ்வோர் எழுத்தாக. "சின்ன வயதில், வாயை மூடு, வாயை மூடு என்று, என்னைக் கிள்ளுவாய்." ஒரு சொல்லைத் தப்பாகப் படித்தபோது டீச்சரம்மா சிலேட்டின் மேல் விரலால் தட்டினார். திருப்பிப் படித்தேன். "இப்போது பார். மூடிவிட்டேன்."

அக்கா தங்கையின் முழங்காலில் ஓர் அடி அடித்தார்.

"இப்பத்தான் பேசணும்டி நீ. பேசு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

டீச்சரம்மா துடைத்துவிட்டு எழுதினார். நான் படித்தேன். மறுபடி எழுதினார். மீன் விற்கிற பெண்ணைப் பற்றி, ஓட்டு வீட்டு ஒழுக்கைப் பற்றி, சாரின் முழங்காலைப் பற்றி. என் பொட்டைப் பற்றியும் எழுதினார். அதையும் நானே என் வாயால் படித்தேன். அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாக்கு வறண்டுவிட்டது எனக்கு. பெரிய பெரிய இன்ஜினை இறக்கிய உடம்பு, அன்று மாதிரி வியர்த்ததே இல்லை.

சார் திரும்பி வந்தார். என் நிலையைப் பார்த்துவிட்டு, கொடுங்கள் நான் படிக்கிறேன் என்று கையை நீட்டினார். டீச்சரம்மா அப்போதுதான் ஒரு வரி எழுதி முடித்திருந்தார். சாருக்குக் கொடுக்காமல் சிலேட்டை என் பக்கமே திருப்பிப் பிடித்தார்.