குழாயில் கட்டிய எர்த்

பத்து நாளாக என் வீட்டுக்காரர் என்னிடம் ஒரே ஒரு கோரிக்கைதான் வைத்துக்கொண்டிருக்கிறார்.

"இத்த மட்டும் எழுதிடாத கலா. ஊரே படிக்கும்."

படிக்கட்டுமே! ஊர் படிக்கத்தானே வாராவாரம் எழுதுகிறேன்?

இரண்டு வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. காலை ஆறு மணி. நான் அடுப்படியில் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தேன். பின்பக்கம் 'டங்' என்று குடம் விழும் சத்தம். குடம் விழுந்தால் அடுத்து ஒரு திட்டு கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுக் குமாரி அக்கா குடத்தையும் திட்டுவார், தண்ணீரையும் திட்டுவார். அன்றைக்குத் திட்டு வரவில்லை. எட்டிப் பார்த்தேன்.

அக்கா குழாயைப் பிடித்தபடி உதறிக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது. சத்தமே இல்லை. கை குழாயை விடவில்லை. "ஐயோ… அக்கா!" என்று நான் கத்தி முடிப்பதற்குள், யாரோ பிடித்துத் தள்ளியதுபோலப் பின்னால் சரிந்தார். துவைக்கிற கல்லில் தலை மோதியது.

"இன்னா ஆச்சி?" என்று தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார் என் வீட்டுக்காரர் ஜெயசீலன். அப்போதுதான் குளித்து முடித்து, கீசரை அணைத்துவிட்டு வெளியே வந்திருந்தார். இந்த இடத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தலையில் நாலு தையல். உள்ளங்கை வெந்து தோல் உரிந்திருந்தது. "இன்னும் ரெண்டு செகண்ட் பிடிச்சிருந்தாங்கன்னா…" என்று ஆரம்பித்த டாக்டர், அக்காவின் முகத்தைப் பார்த்து அத்துடன் நிறுத்திக்கொண்டார்.

இப்போது எங்கள் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சாம்பியன் ரீப்ஸில், தங்கச் சுரங்கம் ஓடிய மைன்ஸ் காலத்துக் குவாட்டர்ஸ். ஒரு லைனில் எட்டு வீடு, சுவரோடு சுவர் ஒட்டியபடி. பின்பக்கம் எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே இரும்புக் குழாய் ஓடுகிறது. வீட்டுக்கு ஒரு டேப். அந்தக் குழாயில்தான் கரண்ட் வந்திருக்கிறது. எந்த வீட்டிலிருந்து வந்தது? அதுதான் கேள்வி.

கேள்வி என்று வந்தால் எங்கள் ஊரில் பதிலுக்குப் பஞ்சமா? நாடெல்லாம் அரிக்கேன் விளக்கு வைத்திருந்தபோதே எங்க ஊருக்கு கரண்ட் வந்தாச்சு என்று பீற்றிக்கொள்கிற ஊர் இது. அதனாலேயே இங்கே பிறக்கிற ஒவ்வோர் ஆண்பிள்ளையும் தன்னை எலக்ட்ரீஷியன் என்று நம்பிக்கொண்டுதான் பிறக்கிறான். லைசென்ஸ்? அதெல்லாம் வெளியூர்க்காரனுக்கு! என் வீட்டுக்காரர் பெங்களூரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். ஆனால் சட்டைப் பாக்கெட்டில் பேனா இருக்காது, டெஸ்டர் இருக்கும். மூன்று வீடியோ பார்த்துவிட்டு எங்கள் வீட்டு ஒயரிங்கை அவரே செய்தார். நாலாவது வீடியோ பார்த்திருந்தால், எங்கள் ஊருக்குக் கரண்ட் அனுப்பிய சிவனசமுத்திரத்துக்கே போய் டர்பைனையும் கழற்றியிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலை லைனுக்குப் பின்னால் கூட்டம். தலைமை யார்? ஜெயசீலன்தான்.

"வேற எங்கயும் இல்லபா. தாமஸ் வூட்டு மிஷின்லேர்ந்துதான் வருது" என்று டெஸ்டரை நீட்டித் தீர்ப்புச் சொன்னார்.

தாமஸ் கடைசி வீடு. இட்லி மாவு அரைத்து விற்கிறார். பெரிய கிரைண்டர் இரண்டு ஓடுகின்றன. தண்ணீரும் கரண்ட்டும் ஒரே இடத்தில் புழங்குகிறதே, குற்றவாளி வேறு யாராக இருக்க முடியும்? எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான்.

"மிஷின நிறுத்துப்பா தாமஸ். ஒரு உசுரு போயிருக்கும்" என்றார் தொடர்ந்து.

தாமஸ் கோபப்படவில்லை. "நிறுத்தறேன் அண்ணே. வயித்துப் பொழப்ப நிறுத்தச் சொல்றீங்க, அதுக்கு முன்னாடி ஒரு வாட்டி செக் பண்ணிடலாமா? எனக்கு ஒயரிங் பண்ண பொண்ணக் கூப்பிடறேன்."

பொண்ணு! கூட்டத்தில் ஒரு சிரிப்பு ஓடியது. எனக்கும் சிரிப்பு வந்தது என்று ஒப்புக்கொள்வதில் வெட்கம்தான்.

போன வருஷம் தாமஸ் வீட்டு வாசலில் இந்தப் பெண்தான் ஆளுயரத்துக்கும் மேலே குழி தோண்ட வைத்து, பைப்பை இறக்கி, கரியும் உப்புமாகக் கொட்டினாள். எர்த்துக்காம். கசிகிற கரண்ட்டை மண்ணுக்குள் கொண்டுபோய் விடுகிற ஒயருக்குத் தனிக் குழி. "இன்னா தாமஸ், கருவாடு போடறியா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். லைனே சிரித்தது.

ஏனென்றால் எங்கள் எர்த் வேறு மாதிரி. மற்ற ஏழு வீட்டிலும் எர்த் ஒயர் அந்தப் பின்பக்கத்துத் தண்ணீர்க் குழாயில்தான் கட்டியிருந்தது. மாமனார் காலத்து வழக்கம். கேட்டால் ரெடியாக ஒரு பதில் உண்டு: "இந்த பைப்பு எங்க போவுது தெரியுமா? மைன்ஸ் ஷாஃப்ட் குழி வரிக்கும் போவுது. இதவிட ஆழமான எர்த் உலகத்துல எங்க கீது?" அதானே! உலகத்திலேயே ஆழமான குழிகளில் ஒன்றைத் தோண்டியவர்கள் நாங்கள். போயும் போயும் எர்த்துக்காக இன்னொரு குழி தோண்டுவதா? மானம் என்ன ஆவது?

அந்தப் பெண், ரூபா, பங்காருபேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். முப்பது வயதிருக்கும். தோளில் ஒரு பை.

"கூட ஆம்பளைங்க யாரும் வரலியாமா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"நீங்க இத்தன பேர் இருக்கீங்களே சார், போதாதா?" என்றபடி குனிந்து குழாயைப் பார்த்தாள். மீட்டரை வைத்தாள். குழாயோடு நடந்துபோய்த் தெருமுனை வரைக்கும் பார்த்துவிட்டு வந்தாள்.

"தெருவுல எப்ப பைப் மாத்தினாங்க?"

"ரெண்டு வருசம் ஆவுது. எல்லாம் புதுசு" என்றார் என் வீட்டுக்காரர், தானே மாற்றிய மாதிரி.

"புதுசுதான் சார். பிளாஸ்டிக்கு. இந்த இரும்புக் கொழாய் இப்போ ஷாஃப்ட்டுக்கும் போகல, மண்ணுக்கும் போகல. செவுத்துல மரக்கட்ட மேல சும்மா நிக்குது. ஏழு வீட்டு எர்த்தும் இதுல கட்டிருக்கீங்க. ஒரு வீட்ல கரண்ட் கசிஞ்சா எட்டு வீட்டு டேப்லயும் நிக்கும். எர்த்த தண்ணி கொழாய்ல கட்டக்கூடாதுன்னு ரூல்லயே எழுதியிருக்குது, படிக்கலியா?"

யாரும் படிக்கவில்லை. வீடியோவில் அது வரவில்லையோ என்னவோ.

"காலைல ஆறு மணிக்கு யார் யார் வீட்ல எது எது ஓடுமோ, எல்லாம் போடுங்க" என்றாள். போட்டோம். மீட்டர் முள் மேலே ஏறி நின்றது. "இப்போ ஒவ்வொரு வீடா மெயின் ஆஃப் பண்ணுங்க."

முதலில் தாமஸ் வீடு. முள் அசையவில்லை. என் வீட்டுக்காரர் விடவில்லை. "இன்னொரு வாட்டி பாருமா" என்றார். பார்த்தாள். அசையவில்லை. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு… குமாரி அக்கா வீடும் ஆயிற்று. முள் அப்படியே நின்றது.

"உங்களுது ஒண்ணுதான் சார் பாக்கி."

"நம்ம வூட்ல தேவையில்லமா. அத்த நானே செஞ்சது."

"அதுக்குத்தான் சார். கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க."

ஆஃப் செய்தார். முள் படுத்துவிட்டது. ஆன் செய்தார். எழுந்தது. ஆஃப். படுத்தது.

தாமஸ் சாதாரண மனிதரா? "இன்னொரு வாட்டி போடுங்க அண்ணே. எல்லாரும் நல்லா பாத்துக்கட்டும்" என்றார்.

கசிந்தது எங்கள் கீசர். எங்களுக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? வீட்டுக்குள் பைப்பு, டேப்பு எல்லாம் பிளாஸ்டிக்காக மாற்றியிருந்தோம். நாங்கள் சொகுசாகக் குளித்தோம். கசிந்த கரண்ட் எர்த் ஒயர் வழியாகச் சுவருக்கு அந்தப் பக்கம் போய்க் குழாயில் நின்றது.

இத்தோடு முடிந்திருந்தால், 'ஆண்களும் அவர்களின் அறிவும்' என்று தலைப்புப் போட்டு நான் ஜாலியாக எழுதியிருப்பேன். முடியவில்லையே.

ரூபா உள்ளே வந்து ஸ்விட்ச் போர்டைத் திறந்தாள். கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கிற டிரிப்பர் அதில் இருக்கிறது. கீசர் வாங்கியபோது கடைக்காரர் தலையில் கட்டினார் என்று வாங்கி வந்து மாட்டியது. அதற்குக் குறுக்கே இரண்டு துண்டு ஒயர் போட்டு, டிரிப்பருக்குள் போகாமலேயே கரண்ட் வருகிற மாதிரி செய்திருந்தது.

"இத யார் பண்ணது?"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் காலண்டரைப் பார்த்தேன்.

"அது சும்மா சும்மா விழுந்துக்கினே இருந்திச்சிமா" என்றார் அவர். "மேக் சரியில்ல."

"எப்பல்லாம் விழும்?"

"காலைல… ஆறு, ஆறேகால்."

"டெய்லியா?"

நான்தான் சொன்னேன். "இல்ல. ஒருநாள் விட்டு ஒருநாள்."

அவள் என் பக்கம் திரும்பிக் கேட்டாள். "உங்க லைனுக்குத் தண்ணி எப்ப வரும் மேடம்?"

ஒருநாள் விட்டு ஒருநாள். காலை ஆறு மணி.



"அது சும்மா விழல மேடம். அந்த அக்கா கொழாயத் தொடும்போதெல்லாம் அவங்களுக்காக விழுந்திருக்குது."

மூன்று மாதமாகக் குமாரி அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். "கொழாயத் தொட்டா கையில சுரீர்னு இழுக்குது கலா." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சுகர் ஏறியிருக்கும்கா, டெஸ்ட் எடுங்க." அவரும் பாவம், போய் டெஸ்ட் எடுத்து, சர்க்கரை போடாத காபி குடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை அவருக்கு 'சுரீர்' என்றபோதும், என் அடுப்படியில் மிக்ஸி நின்றது. சட்னி பாதியில் நின்றது. ஆறே முக்கால் ரயிலுக்கு டிபன் கட்டுகிற அவசரத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்காவுக்கு அடிபட்ட வாரம் புதன்கிழமையும் டிரிப்பர் விழுந்தது. சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக நான் கத்தினேன்: "அந்தச் சனியனப் புடுங்கி எறியுங்க!" எதைச் சொன்னாலும் 'ஞாயித்துக்கிழமை பாக்கலாம்' என்பவர், அன்றைக்குப் பார்த்து உடனே செய்தார். வியாழன் தண்ணீர் வராத நாள். வெள்ளிக்கிழமை காலை அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு, எப்போதும்போல லைனிலேயே முதல் ஆளாக, வெறுங்காலோடு வந்தார்.

அவரைக் காப்பாற்றியது என்ன? கரண்ட் பில்லுக்குப் பயந்து, குளித்த மறுநிமிடமே கீசரை அணைக்கிற என் வீட்டுக்காரரின் கஞ்சத்தனம்! அறிவு செய்யவில்லை, அக்கறை செய்யவில்லை. கஞ்சத்தனம் செய்தது.

என் மாமனார் மைன்ஸில் எலக்ட்ரிக் ஷாப்பில் இருந்தவர். கீழே சுரங்க லெவலில் ஒரு கேபிளைத் தொட வேண்டுமென்றால், ஸ்விட்சை அணைத்து, பூட்டி, தன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனை அதில் மாட்டி, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்ட பிறகுதான் தொடுவாராம். டோக்கன் தொங்கினால் எந்தக் கொம்பனும் அந்த ஸ்விட்சில் கை வைக்க மாட்டான். அதே மனிதர் ஷிஃப்ட் முடிந்து மேலே வந்து, வீட்டு எர்த் ஒயரைத் தண்ணீர்க் குழாயில் கட்டினார். கீழே தப்பு செய்தால் மேஸ்திரி கிழிப்பார், சீட்டுக் கிழியும். வீட்டில் கிழிக்க யார் இருக்கிறார்கள்? மேலதிகாரி பார்த்தால்தான் ரூல். கரண்ட்டுக்கு மேலதிகாரி உண்டா, வீட்டுக்காரர் உண்டா?

போன ஞாயிற்றுக்கிழமை ரூபா ஏழு வீட்டு எர்த் ஒயரையும் குழாயிலிருந்து வெட்டி எறிந்தாள். ஏழு வீட்டுக்கும் தனித்தனிக் குழி. உலகத்தின் ஆழத்தைத் தோண்டிய பரம்பரை, இடுப்பளவு வருவதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டது. தாமஸ் மோர் கொண்டுவந்து கொடுத்தார். "இன்னாண்ணே, கருவாடா?" என்று கேட்கவும் மறக்கவில்லை. கீசர் போய்விட்டது. டிரிப்பர் திரும்பவும் வேலைக்கு வந்துவிட்டது.

அன்றைக்கே என் வீட்டுக்காரர் குமாரி அக்கா வாசலில் போய் நின்றார். நானும் பின்னால் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னார். அக்கா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"விடு சீலா. தெரிஞ்சா செஞ்ச?" என்றார்.

மன்னித்துவிட்டார் என்றுதான் நினைத்தோம். மன்னித்துத்தான் இருக்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் தண்ணீர் வருகிற நாட்களில் காலை ஆறு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வருகிறது.

"சீலா… தொடட்டுமா?"

கிண்டல் இல்லை. குத்தல் இல்லை. பயந்துபோய்க் கேட்கிறார். என் வீட்டுக்காரர் எழுந்து போவார். டிரிப்பரின் டெஸ்ட் பட்டனை அழுத்தி, விழுகிறதா என்று பார்த்து, மறுபடி தூக்கிவிடுவார். பின்பக்கம் போய் முதலில் தன் கையால் அந்தக் குழாயைத் தொடுவார். "தொடுங்கக்கா." அதற்குப் பிறகுதான் குடம் வரும்.

நேற்று அவர் முதல் ரயிலுக்கே கிளம்பிவிட்டார். ஆறு மணிக்குக் குரல் வந்தது. "சீலா இல்லியா? அப்ப நீ தொடு கலா."

பட்டனை அழுத்தினேன். விழுந்தது. தூக்கிவிட்டேன். புது எர்த், புது ஒயர், ரூபாவின் கையால் செய்தது. எல்லாம் தெரியும். தெரிந்தும், நீட்டிய கை குழாய்க்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றுவிட்டது. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புடுங்கி எறியச் சொன்ன வாய்க்கு, 'ஒண்ணும் ஆவாதுக்கா' என்று சொல்ல வரவில்லை.