மிட்டாய் போட்ட தெம்யான்

தெம்யானைத் திட்டாமல் எனக்கு ஒரு கல்யாணம் முடிந்ததில்லை. நான் மணப்பெண்களுக்குத் தலை அலங்காரம் செய்கிறவள். அவன் வீடியோ எடுக்கிறவன். காலையிலிருந்து மாரடித்து நான் கட்டிய கொண்டையை அவனுடைய ட்ரோன் தாழ்வாக வந்து ஒரே காற்றில் கலைத்துவிட்டுப் போகும்.

"ஸோயா அக்கா, முடி பறந்தாத்தான் படத்துல அழகு," என்பான்.

"உன் மண்டையில ஒரு முடி கிடையாது. உனக்கென்னடா தெரியும் அதோட அழகு?"

சிரிப்பானே தவிர, ட்ரோனைத் தூக்க மாட்டான்.

கெர்சன் நகரத்துக்குக் கீழே, நீப்பர் ஆற்றங்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். கல்யாணப் பதிவு முடிந்து மணமக்கள் வாசலுக்கு வந்ததும் பெண்ணின் அம்மா அவர்கள் தலையில் கோதுமையும் சில்லறையும் மிட்டாயும் அள்ளிப் போடுவாள். அதை ட்ரோனிலிருந்து போட்டால் என்ன என்று தெம்யானுக்குத் தோன்றியது. ஒரு சின்ன மோட்டார், ஒரு கொக்கி, கொக்கியில் ஒரு பை. தலைக்கு மேலே வந்ததும் பை திறந்துகொள்ளும். அந்த ஒரு வித்தைக்காகவே பக்கத்து ஊர்க்காரர்களும் அவனைத்தான் கூப்பிட்டார்கள்.

அந்த மிட்டாய்க்கு முதலில் வந்து நிற்பவன் லெவ்கோ. ஆளுக்கு நாற்பது வயது, மனதுக்கு ஏழு வயது. அம்மா அப்பா போனபிறகு தங்கை நீனாதான் அவனை வைத்துக் காப்பாற்றினாள். யாரும் அழைக்காமலே எல்லாக் கல்யாணத்துக்கும் வருவான். யாரும் அவனைப் போகச் சொன்னதும் இல்லை. ட்ரோன் சத்தம் கேட்டால் போதும், "யாருக்குக் கல்யாணம்?" என்று கத்திக்கொண்டே ஓடிவந்து, தொப்பியைக் கழற்றி மல்லாத்திப் பிடித்து வானத்தைப் பார்த்து நிற்பான். அவனுக்கென்றே தெம்யான் இன்னொரு தடவை ட்ரோனை அனுப்பி, சரியாகத் தொப்பிக்குள் ஒரு பிடி போடுவான். கைதட்டல் மணமக்களுக்கு விழுந்ததைவிட லெவ்கோவுக்கு அதிகம் விழும்.

பிறகு போர் வந்தது. ஆற்றுக்கு அக்கரை ரஷ்யப் படையின் கையில், இக்கரை எங்கள் கையில் என்று ஆகிவிட்டது. எங்கள் படைப் பையன்கள் தெம்யானிடம் வந்து அந்தக் கொக்கியைப் பற்றிக் கேட்டார்கள். மிட்டாய்க்குப் பதில் கையெறி குண்டு தொங்க வேண்டும், அவ்வளவுதான். ராப்பகலாக உட்கார்ந்து செய்து கொடுத்தான். ஊரே அவனைத் தலையில் வைத்துக் கொண்டாடியது, நானும்தான். கொஞ்ச காலத்தில் அக்கரையிலிருந்தும் ட்ரோன்கள் வர ஆரம்பித்தன. ஒன்று பழுதாகிக் கூரையில் விழுந்தபோது தெம்யான் அதைத் திருப்பிப் பார்த்தான்.

"அதே கொக்கிதான் அக்கா. அங்கயும் எவனோ ஒரு கல்யாண வீடியோக்காரன் இருந்திருக்கான்," என்றான். அன்று அவன் சிரிக்கவில்லை.

எங்கள் அப்பா காலத்துப் போரில் குண்டு போட்டவனுக்குக் கீழே இருப்பது யாரென்று தெரியாது. இப்போது ரொட்டிப் பையோடு போகிற கிழவியைத் திரையில் பார்த்துக்கொண்டே துரத்துகிறான். செருப்பு என்ன நிறம் என்பதுகூட அவனுக்குத் தெரியும். தெரிந்தும் போடுகிறான் என்பதை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

ஒருநாள் சந்தைக்கு மேலே அந்தச் சத்தம் கேட்டது. எல்லோரும் விழுந்தடித்து ஓடினோம். லெவ்கோ மட்டும் தர்பூசணிக் குவியலுக்கு நடுவே நின்று, "யாருக்குக் கல்யாணம்?" என்று தொப்பியை நீட்டினான். ட்ரோன் அவன் தலைக்கு மேலேயே கொஞ்ச நேரம் நின்றது. என்ன நினைத்ததோ, நகர்ந்துபோய் மீன் வண்டிமேல் போட்டது.

தெம்யான் சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். "நான் கொடுத்த பழக்கம் அக்கா இது. நானே மாத்தணும்."

"நீ கொடுத்தது மிட்டாய்டா. குண்டா கொடுத்த?" என்று அதட்டினேன். அவன் காதில் ஏறவில்லை.

திட்டிப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான். "அது கெட்டதுடா, கொன்னுடும்" என்றால், "உன்னோடதுதானே?" என்று லெவ்கோ சிரிப்பான். கடைசியில் சந்தை முனையிலிருந்த பெரிய வாதுமை மரத்தில் ஒரு மிட்டாய்ப் பையைக் கட்டினான். "லெவ்கோ, இப்பல்லாம் மேல இருந்து போடறதில்ல. சத்தம் கேட்டா மரத்தடிக்கு ஓடணும். அங்கதான் இருக்கும்."

"பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கிற பைத்தியம்" என்று நான் கேலி செய்தேன். ஆனால் லெவ்கோ கற்றுக்கொண்டான். அந்தக் கோடை முழுவதும் சத்தம் கேட்டதும் மரத்தடிக்கு ஓடினான். அடர்ந்த இலைக்குக் கீழே ஆள் இருப்பது மேலே தெரியாது. நாங்கள் எல்லோருமே அப்படித்தான் மரம் மரமாகப் பதுங்கி நடந்தோம்.

இலையுதிர் காலம் வந்தது. முன்பு எனக்குப் பிடித்த காலம். இப்போது ஒவ்வொரு இலை விழும்போதும் இன்னும் எத்தனை மிச்சம் என்று அண்ணாந்து பார்ப்பேன். மரம் மொட்டையானால் கீழே நிற்பவன் பட்டப்பகலில் தெரிவான். பையைப் பஸ் ஸ்டாப்பிலிருந்த கான்கிரீட் பதுங்கறைக்கு மாற்ற வேண்டும் என்று, இலையெல்லாம் கொட்டிவிட்ட ஒருநாள் தெம்யான் காலையிலேயே கிளம்பினான். நான் ரொட்டி வரிசையில் நின்றிருந்தேன். அவன் பையை அவிழ்த்துக்கொண்டு பதுங்கறை வாசல்வரை போய்விட்டான். அப்போது சத்தம் கேட்டது.

லெவ்கோ கற்றுக்கொண்டபடியே மரத்தடிக்கு ஓடினான்.

"அங்க வேணாம்! இங்க வா, இங்கதான் மிட்டாய்!" தெம்யான் பையைத் தூக்கிக் காட்டிக் கத்தினான். லெவ்கோ மொட்டை மரத்தடியில் நின்று, பை எங்கே என்று கிளைகளைத் தேடிக்கொண்டிருந்தான். தெம்யான் ஓடினான். அவனைக் கீழே தள்ளி மேலே விழுந்தான். குண்டு வெடித்துப் புகை அடங்கி நாங்கள் போய்ப் புரட்டியபோது தெம்யானுக்கு உயிர் இல்லை. லெவ்கோவுக்குச் சிராய்ப்புதான். சுற்றிலும் மிட்டாய் சிதறிக் கிடந்தது. அவன் ஒன்றைக்கூட எடுக்கவில்லை.

பனி உருகும் சமயத்தில் நீனாவுக்கும் ஒரு படைவீரனுக்கும் பள்ளிக்கூட நிலவறையில் கல்யாணம் நடந்தது. பத்துப் பதினைந்து பேர்தான். அவளுக்கு நான்தான் கொண்டை கட்டினேன். கலைக்க ஆளில்லாமல் அது கடைசிவரை அப்படியே இருந்தது. லெவ்கோ இஸ்திரி போட்ட சட்டையோடு என் பக்கத்தில் நின்று, "நீனாவுக்குக் கல்யாணம், நீனாவுக்குக் கல்யாணம்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். அவனை அப்படிச் சந்தோஷமாகப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

பெண்ணுக்கு அம்மா இல்லாததால் அள்ளிப் போட நான் நின்றேன். கோதுமையும் சில்லறையும் மிட்டாயும் கலந்த தட்டிலிருந்து ஒரு பிடி எடுத்து, தெம்யான் போடுகிற மாதிரியே உயரத் தூக்கிப் போட்டேன். சடசடவென்று தரையில் விழுந்தது.

லெவ்கோ தொப்பியைக் கழற்றவில்லை. அதை இரண்டு கையாலும் காதுவரை இழுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் புகுந்தான்.

"போடாத அக்கா! போடாத! தெம்யான் செத்துடுவான்!"

தட்டில் இன்னும் பாதி மிச்சம் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டேன்.