தம்பியின் கட்டணத்தை எழுதலாமா?

சற்று முன் அமெரிக்காவிலிருந்து சித்தி இணையத்தில் அழைத்தார். அவரது மகள் அபி அக்கா கல்லூரிக்கு நிதியுதவி கேட்டு விண்ணப்பிக்கிறாள். அவளது தம்பி படிப்பதோ கட்டணம் கட்டும் தனியார் பள்ளியில்.

"அவன்ரை பள்ளிக்கூடக் காசை எழுதாதை. வசதியான ஆக்கள் எண்டு நினைச்சு உதவி தரமாட்டினம்," என்றார் சித்தி.

"அம்மா, விண்ணப்பத்திலை அவையளே அதைக் கேக்கினம்! சில கல்லூரியள் அந்தச் செலவையும் கணக்கிலை எடுக்குமாம்," என்று அக்கா கத்தினாள்.

சித்தி என்னிடம் கேட்டார். "பிள்ளை, உங்கடை ஒஸ்லோவிலை எப்பிடி?"

"இஞ்சை பல்கலைக்கழகத்துக்குப் படிப்புக்கடன் கேட்டா அம்மா அப்பான்ரை சம்பளத்தையே கேக்கமாட்டினம், சித்தி."

அதற்குள் அக்கா கட்டணத்தை எழுதி அனுப்பிவிட்டாள்.

"அப்ப கொம்மா ஏன் ரெண்டு வேலை செய்யிறா?" என்றார் சித்தி.

பதில் தெரிந்தவர்கள் எழுதுங்கள். அம்மா இரண்டாவது வேலை முடிந்து வருவதற்குள்.