கவர் பக்கத்துச் சிவப்புச் சட்டை

1

லேப் கதவைத் திறக்கப் போனபோது வாசற்படியில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் பிளாஸ்டிக் பை, அதற்குள் சுருட்டிய தாள்கள். பக்கத்தில் எங்கள் மாணவி பிரிஜித் அழுது வீங்கிய முகத்தோடு நின்றாள்.

“எங்க அம்மா மிஸ்” என்றாள். கடற்கரை ஊரான இனயத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார்கள்.

அந்த அம்மா தாளை என் மேஜையில் விரித்தார். முந்தைய நாள் நாங்கள் எடுத்துக் கொடுத்த புரூஃப், இதழ் அச்சாகும் முன் சரிபார்க்கும் மாதிரி. பிரிஜித்தின் அண்ணன் சேவியரின் படத்தில் விரலை வைத்தார்.

“டீச்சரே, எம் பிள்ளைக்கு என்னெத்துக்கு கறுப்புக் கட்டம் போட்டிய? அவன் செத்துப்போனான்னு ஒங்களுக்கு ஆரு சொன்னது?”



2

சுனாமி கழிந்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்த காலம். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் முதுகலைப் படிப்புக்கு நான் லேப் பொறுப்பாளர். படைப்பெழுத்து, இதழ் வடிவமைப்பு, மீடியா தயாரிப்பு மூன்றும் சேர்ந்த படிப்பு. அச்சகத்தில் டிடிபி அடித்துக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய இடம். எழுத்தைப் பேராசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள். அது பக்கமாகி அச்சுக்குப் போகும்வரை என் பாடு.

கடைசி செமஸ்டரில் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஓர் இதழ் கொண்டுவர வேண்டும். பிரிஜித் எழுத்து, ஆரல்வாய்மொழி சுதன் லேஅவுட். அவள் எழுதியது அண்ணனைப் பற்றி. முந்தைய வருடம் மீன்பிடிக்கக் கடலுக்குப் போன சேவியர் திரும்பவில்லை. படகும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை.

அவளுக்குக் கைடாக இருந்த பேராசிரியர் நல்ல மனிதர்தான். ஆனால் கதைக்கு முடிவு வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

“ஆளு வந்தானா, வரலியா? வாசிக்கவனுக்கு ஏதாவது சொல்லணும்லா பிள்ளே?”

“எங்களுக்கே தெரியாது சார்.”

“வெளிய இருந்து வாற எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கேட்டா இதையா சொல்லுவ?”

திருத்தித் திருத்தி எழுதினாள். ஒரு பிரதியில் உடல் கரை ஒதுங்கியதாக எழுதிக்கொண்டு வந்தாள். கைடு நன்றாக இருக்கிறது என்றார். அன்று மத்தியானமே லேபில் என் முன்னால் நின்று அதைக் கிழித்தாள்.

“மார்க்குக்காக அண்ணன கரையில கொண்டு போட்டுட்டேன் மிஸ்” என்றாள்.

முடிவில்லாமலே பக்கம் போடு என்று சுதனிடம் சொன்னேன். கைடு என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

3

உள் பக்கங்கள் ஒரே கலர், கவர் மட்டும் மல்டிகலர். எல்லா மாணவர் இதழும் அப்படித்தான். சேவியரின் படம் ஊர்த் திருநாளில் எடுத்தது, சிவப்புச் சட்டை. கறுப்பு வெள்ளைக்கு, அதாவது கிரேஸ்கேலுக்கு மாற்றினால் சிவப்பு கறுப்பாகத்தான் விழும். படம் தாளோடு கரைந்துபோகாமல் இருக்கச் சுற்றிலும் ஒரு பாயின்ட் அளவில் மெல்லிய கோடு போட்டிருந்தான் சுதன்.

யாரைப் பற்றி எழுதினாலும் அச்சுக்கு முன்னால் அந்த வீட்டில் புரூஃபைக் காட்ட வேண்டும் என்பது எங்கள் லேபின் வழக்கம். பிரிஜித் கொண்டுபோனாள். கடற்கரையில் கட்டத்துக்குள் கறுப்புவெள்ளை முகம் என்றால் அது சர்ச் சுவரில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலி. பக்கத்து வீட்டுக்காரி தாளைப் பார்த்திருக்கிறாள். உடல் கிடைத்துவிட்டதாம் என்று தெரு முழுக்கப் பேச்சாகிவிட்டது. பெண்கள் தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு வந்து ஒப்பாரி வைத்துவிட்டார்கள். ஆள் கிடைக்காத வீட்டில் அதுவரை யாரும் அப்படி அழுததில்லை. இறந்தவர்களுக்கு வைக்கும் பூசையும் வைத்ததில்லை. அந்த அம்மா தினமும் மகனுக்குச் சோறு எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் அந்த அம்மா லேபில் சொல்லிக்கொண்டிருந்தபோது சுதன் வந்தான். “எல்லாப் படத்துக்கும் அந்தக் கோடுதான் மிஸ் போட்டேன். எங்க அப்பா படத்துக்கும் இருக்கு, பாருங்கம்மா” என்று பக்கத்தைப் புரட்டிக் காட்டினான். காற்றாலைகளைப் பற்றிய கட்டுரையில், அங்கே வேலை பார்க்கும் அவன் அப்பா அதே மாதிரிக் கட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா அவனைத் திட்டவில்லை.

“ஒங்கப்பா சாயங்காலம் வீட்டுக்கு வருவாருல்லா மக்கா” என்றார்.

சுதன் சிஸ்டத்தில் உட்கார்ந்தான். கவருக்கு அவன் வைத்திருந்தது ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றாலைப் படம். வெளிச்சம் சரியாக அமைய மாதக்கணக்கில் அலைந்து எடுத்தது. அதை எடுத்துவிட்டு, உள் பக்கத்திலிருந்த சேவியரைச் சிவப்புச் சட்டையோடு கவருக்கு மாற்றினான். கோடு இல்லை, ஓர வெள்ளையும் இல்லை. நாலு பக்கமும் தாள் விளிம்பு தாண்டி ஓடும்படி படத்தை இழுத்துவிட்டான்.

அந்த அம்மா ஸ்கிரீனை வெகுநேரம் பார்த்தார்.

“கட்டம் இல்லியே?”

“இல்லம்மா.”

“அப்பம் அச்சடிங்க.”

வாய்மொழித் தேர்வான வைவாவில் எக்ஸ்டர்னலும் முடிவைத்தான் கேட்டார். பிரிஜித் தெரியாது என்றாள். அவளுக்கு முதல் வகுப்பு கை நழுவியது. முதல் வகுப்பு கேட்கும் எங்கள் கல்லூரியிலேயே விரிவுரையாளர் ஆக வேண்டும் என்ற அவள் ஆசையும் அத்தோடு போயிற்று. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

4

பல வருடம் கழித்து, நான் ஓய்வு பெறும் வருடம் அந்த அம்மா மறுபடியும் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. பிரிஜித் அப்போது துபாயில் ஒரு விளம்பரக் கம்பெனியில் டிசைனர். அம்மாவின் பிளாஸ்டிக் பையில் எங்கள் இதழ் இருந்தது. மேஜையில் வைத்துக் கவரைப் புறங்கையால் துடைத்தார்.

“பூசை வைக்கலாம்னு இருக்கோம் டீச்சரே. போஸ்டர் ஒட்டணும். மககிட்ட சொன்னேன். ‘எனக்குக் கை வராதும்மா, மிஸ்கிட்ட போ’ன்னு சொல்லி அழுதா.”

இதழை என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

“இந்தப் படத்துக்கு அந்தக் கட்டத்த போட்டுத் தாங்க.”

பழைய சிடியைத் தேடி எடுத்துப் படத்தைத் திறந்தேன். கறுப்பு வெள்ளையாக்கவா என்று கேட்டேன்.

“வேண்டாம். சட்டை சிவப்பாவே இருக்கட்டும்” என்றார்.

சுற்றிலும் ஒரு பாயின்ட் கோடு போட்டேன். அஞ்சலிப் போஸ்டருக்குத் தடித்த கோடுதான் வழக்கம். அதற்கு மேல் தடிமனாக்க எனக்குக் கை வரவில்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, படத்தை வெட்டுவதும் எழுத்தைப் பொருத்துவதும் ஒரு செமஸ்டரில் வந்துவிடும். ஒருவர் கதைக்கு முடிவு எழுதுவதோ கட்டம் போடுவதோ, அந்த வீட்டார் வந்து கேட்ட பிறகு செய்ய வேண்டிய வேலை. அதை நான் படிக்க அந்த அம்மா இனயத்திலிருந்து இரண்டு தடவை பஸ் ஏறி வர வேண்டியிருந்தது.