வெறும் அலகு

அண்ணி இறந்து எட்டு மாதம் கழித்துத்தான் அண்ணன் மறுபடி தூரிகையைத் தொட்டார். பள்ளியில் ஓவிய ஆசிரியர் அவர். கிறிஸ்துமஸுக்கு முன்னால் சர்ச்சில் நடக்கும் கண்காட்சிக்கு ஒரு படம் கேட்டிருந்தார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து ஜோகுபாளையத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். படம் சாப்பாட்டு மேஜைமேல் ஈரம் காயாமல் கிடந்தது.

பனி மூடிய மரம். கூட்டில் மங்கிய பச்சையில் பெண் பறவை, முதுகெல்லாம் பனி. தள்ளி ஒரு கிளையில் சிவப்பாக ஆண் பறவை.

“பனியிலயா கூடு கட்டும்?” என்றேன்.

“இந்த ஜாதி கட்டும். எவ்வளவு பனி கொட்டினாலும் எழுந்திருக்காது. எழுந்தா முட்டை ஜில்லிட்டுப் போயிடும்.”

அவருக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லத் தோன்றியது. “அந்தச் சிவப்புப் பறவை இரை கொண்டு வருது, இல்லண்ணா? அதுக்காக இது காத்துட்டிருக்கு.”

“இரை எங்க இருக்கு? வாயைப் பாரு.”

அலகு வெறுமையாக இருந்தது. அது கூட்டின் பக்கம் திரும்பியிருக்கவும் இல்லை.

“அது வரல. போயிட்டிருக்கு” என்றார். “அன்னைக்குக் காலையில உன் அண்ணி, நெஞ்சு என்னமோ பண்ணுது, லீவு போடுங்கன்னு சொன்னா. எக்ஸாம் டியூட்டி இருக்கு, கேஸ் டிரபிளா இருக்கும், வெந்நி குடின்னுட்டு நான் கிளம்பிட்டேன். எப்பவும் வாசல் வரைக்கும் வருவா. அன்னைக்குப் படுக்கையை விட்டு எழுந்திருக்கல. அப்பவாவது எனக்குப் புரிஞ்சிருக்கணும்.”

அதுவரை இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவர் வேலைக்குப் போன பிறகு திடீரென்று வந்த மாரடைப்பு என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்ண்ணா…” என்று இழுத்தேன். அவர் தூரிகைகளைக் கழுவ உள்ளே போய்விட்டார். குழாயில் தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

கண்காட்சிக்கு அண்ணன் வரவில்லை. ஆயர் அந்தப் படத்தின் முன்னால் நின்று, “கடுங்குளிரிலும் துணையைக் கைவிடாத அன்பு” என்றார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் சார்பில் நான்தான் நன்றி சொன்னேன்.

அண்ணனிடம் நான் சொல்லாதது ஒன்று உண்டு. அன்று காலை அண்ணி எனக்கும் போன் செய்தார். ஆபீஸில் மீட்டிங். கட் செய்துவிட்டு, ‘அப்புறம் பேசறேன்’ என்று மெசேஜ் போட்டேன். மத்தியானம்தான் ஞாபகம் வந்தது.

அண்ணியின் போன் இன்னும் அண்ணனிடம்தான் இருக்கிறது. அந்த மெசேஜைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.